அமெரிக்க வலதுசாரி விமர்சகர்கள் நடிகர்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

அமெரிக்க வலதுசாரி வானொலி நிகழ்ச்சியையோ யூடியூப் நிகழ்ச்சியையோ முதன்முறையாகக் கேட்பவருக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. வரிக்குறைப்பு, எல்லைப் பாதுகாப்பு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று பேசிக்கொண்டிருப்பவர், அடுத்த பத்து நிமிடங்களுக்கு ஒரு பாடகியின் பேட்டியைப் பற்றியோ, விருது மேடையில் ஒரு நடிகர் சொன்னதைப் பற்றியோ, ஒரு பீர் விளம்பரத்தைப் பற்றியோ அதே சூட்டோடு பேசத் தொடங்கிவிடுவார். நேயர்களைக் கட்டிப்போடுவதற்காகச் சேர்க்கப்பட்ட சுவாரசியம் என்று எண்ணி இதைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பேச்சில் பிரபலங்களுக்கு நிரந்தரமான ஓர் இடம் உண்டு. அந்த இடம் எப்படி உருவானது என்பது தெரிந்தால்தான் வரியைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் அவர்கள் பேசுவதில் உள்ள கோபம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

முதலில், யாரை வலதுசாரி என்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மூன்று தரப்பினர் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தார்கள். அரசாங்கம் சந்தையில் தலையிடக் கூடாது என்று கருதியவர்கள் ஒரு தரப்பு. குடும்பம், மதம், மரபு ஆகியவை குலைந்துவருவதாகக் கவலைப்பட்டவர்கள் இன்னொரு தரப்பு. கம்யூனிசத்தைத் தலையாய எதிரியாகக் கண்டவர்கள் மூன்றாவது தரப்பு. இவர்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு வில்லியம் எஃப். பக்லி என்பவருக்கு உண்டு. முப்பது வயதை எட்டுவதற்கு முன்பே, 1955இல், 'நேஷனல் ரிவ்யூ' என்ற இதழை அவர் தொடங்கினார். ஹார்வர்டு பேராசிரியர்கள் தன்னை ஆள்வதைவிட பாஸ்டன் தொலைபேசிப் புத்தகத்தின் தொடக்கத்தில் பெயர் வரும் சாதாரண மனிதர்கள் ஆள்வதையே தான் விரும்புவதாக அவர் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. படித்த மேல்தட்டினர் மீதான இந்த அவநம்பிக்கையை மறந்துவிட்டுப் பின்னால் வந்த எதையும் புரிந்துகொள்ள முடியாது. இத்தனைக்கும் பக்லியே யேல் பல்கலைக்கழகத்தில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளை.

அந்தக் காலத்தில் வலதுசாரி என்றால் குடியரசுக் கட்சிக்காரர் என்று பொருள் கொள்ள முடியாது. நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் போன்ற தாராளப் போக்குடையவர்கள் குடியரசுக் கட்சியில் இருந்தார்கள். தென்மாநிலங்களின் கடும் பழமைவாதிகள் ஜனநாயகக் கட்சியில் இருந்தார்கள். இன்று இருப்பதுபோல் கொள்கையும் கட்சியும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதற்குச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

இந்தக் கூட்டணியின் மனக்குறை தெளிவாக அரங்கேறிய நாள் 1969 நவம்பர் 13. பத்து நாட்களுக்கு முன், நவம்பர் 3ஆம் தேதி, அதிபர் நிக்சன் வியட்நாம் போரைப் பற்றித் தொலைக்காட்சியில் உரையாற்றி, வாய் திறவாத பெரும்பான்மையினரின் ஆதரவைக் கோரியிருந்தார். உரை முடிந்த கையோடு செய்தி நிறுவனங்களின் விமர்சகர்கள் அதை அலசி ஆராய்ந்தது வெள்ளை மாளிகைக்குக் கடும் எரிச்சலை ஏற்படுத்தியது. அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில் பேசிய துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ, நாட்டு மக்கள் எதைப் பார்க்க வேண்டும், அதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் வசிக்கும் ஒரு கைப்பிடி மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள் என்றார். அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசித் தங்கள் கருத்துகளை உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள் என்பது அவரது வாதம். யாரைத் தாக்கிப் பேசினாரோ, அந்த மூன்று நிறுவனங்களான சிபிஎஸ், என்பிசி, ஏபிசி ஆகியவையே அந்த உரையை நேரலையில் ஒளிபரப்பின.

அக்னியூ நான்கே ஆண்டுகளில் வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கிப் பதவி விலகினார். ஆனாலும் அன்று அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மூன்றே நிறுவனங்கள் ஒரு கண்டம் முழுவதற்கும் மாலைச் செய்தியை வழங்கிவந்த காலம் அது. நெப்ராஸ்காவில் கோதுமை விளைவிக்கும் ஒருவர் தன்னைப் போன்றவரைத் தொலைக்காட்சியில் கண்டால், பெரும்பாலும் நகைச்சுவைத் தொடரில் கிராமத்து அப்பாவியாகத்தான் கண்டார். செய்திக்கூடமும் பல்கலைக்கழகமும் ஹாலிவுட்டும் ஒரே மாதிரியான மனிதர்களின் கையில் இருக்கின்றன என்ற எண்ணம் அப்போதிருந்து வலதுசாரிப் பேச்சின் அடித்தளமாகிவிட்டது. தேர்தலில் எத்தனை முறை வென்றாலும் பண்பாட்டில் நாம் தோற்றுக்கொண்டே இருக்கிறோம் என்ற உணர்வு அது. நடிகரும் பாடகியும் விமர்சனத்துக்கு உள்ளாவது இந்த வாசல் வழியாகத்தான்: அவர்களைத் தனிமனிதர்களாக அல்லாமல், தமக்கு இடமில்லாத ஒரு கோட்டையின் பிரதிநிதிகளாக இந்த விமர்சகர்கள் பார்க்கிறார்கள்.

மனக்குறை இருந்தால் மட்டும் போதாது, அதைச் சொல்ல ஒரு மேடையும் வேண்டும். அந்த மேடை கிடைத்த கதை ஒளிபரப்புச் சட்டத்தோடு பின்னிப் பிணைந்தது. அலைக்கற்றை பொதுச் சொத்து, உரிமம் பெறும் நிலையங்களோ சில என்பதால், அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், சுருக்கமாக எஃப்.சி.சி., 1949இல் 'நியாயக் கோட்பாடு' எனப்படும் விதியை வகுத்தது. சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளை வானொலியும் தொலைக்காட்சியும் பேச வேண்டும். அப்படிப் பேசும்போது எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும். பென்சில்வேனியாவின் ரெட் லயன் என்ற சிற்றூரில் இருந்த ஒரு நிலையம் 1964இல் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற மதபோதகரின் நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. வலதுசாரித் தலைவர் பேரி கோல்டுவாட்டரைக் கண்டித்து நூல் எழுதியிருந்த பத்திரிகையாளர் ஃபிரெட் குக்கை அதில் அவர் தாக்கிப் பேசினார். பதில் சொல்லத் தனக்கு இலவச நேரம் வேண்டும் என்று குக் கேட்டார், நிலையம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1969இல் வந்த தீர்ப்பு விதியை உறுதிசெய்தது. எதிர்த்து ஒரு நீதிபதிகூட வாக்களிக்கவில்லை.

ரீகன் ஆட்சியில் காற்று திசைமாறியது. கேபிள் தொலைக்காட்சி வந்துவிட்டது, நிலையங்கள் பெருகிவிட்டன, இந்த விதி பேச்சை வளர்ப்பதற்குப் பதிலாக நிலையங்களைப் பயமுறுத்திச் சர்ச்சைகளிலிருந்து ஒதுங்க வைக்கிறது என்று எஃப்.சி.சி. வாதிட்டு 1987 ஆகஸ்டில் அதைக் கைவிட்டது. விதியைச் சட்டமாகவே ஆக்க அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதற்குச் சற்று முன்புதான் ரீகன் நிராகரித்திருந்தார்.

ஓராண்டு கழித்து, 1988 ஆகஸ்ட் 1 அன்று, வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நியூயார்க்கிலிருந்து நாடு தழுவிய தன் நிகழ்ச்சியைத் தொடங்கினார். மிசௌரியின் கேப் ஜிரார்டோ நகரில் பிறந்து, பாட்டுப் போடும் அறிவிப்பாளராக ஊர் ஊராக அலைந்து, கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் பேச்சு நிகழ்ச்சிக்கு வந்து சேர்ந்தவர் அவர். அவரது வெற்றிக்குப் பின்னால் இருந்த வணிக ஏற்பாடு பலர் கவனிக்காதது. இசை கேட்போர் துல்லியமான ஒலிக்காகப் பண்பலைக்குப் போய்விட்டதால், மத்திய அலைவரிசை நிலையங்கள் நேயர்களை இழந்து தவித்துக்கொண்டிருந்தன. அவர்களிடம் லிம்பாவின் தயாரிப்பாளர்கள் நிகழ்ச்சியைப் பணம் வாங்காமல் கொடுத்தார்கள்; அதற்கு ஈடாக, நிகழ்ச்சிக்குள் வரும் விளம்பர நிமிடங்களில் ஒரு பகுதியைத் தமக்கென எடுத்துக்கொண்டு நாடு முழுவதற்குமான விளம்பரதாரர்களிடம் விற்றார்கள். நண்பகலில் தொடங்கும் மூன்று மணி நேரத்தைச் செலவில்லாமல் நிரப்ப ஒரு வழி கிடைத்தால் எந்த நிலைய மேலாளர் வேண்டாம் என்பார்? காலப்போக்கில் 600க்கும் மேற்பட்ட நிலையங்கள் அவரை ஒலிபரப்பின. லாரி ஓட்டுநர்கள், விற்பனைப் பிரதிநிதிகள், கடையில் தனியாக அமர்ந்திருப்பவர்கள் என்று பகலில் வேலை செய்துகொண்டே கேட்கும் ஒரு பெருங்கூட்டம் உருவானது. 1994 தேர்தலில் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பிரதிநிதிகள் சபையைக் குடியரசுக் கட்சி கைப்பற்றியபோது, புதிதாக வென்றவர்கள் லிம்பாவைத் தங்கள் அணியின் கௌரவ உறுப்பினராக்கினார்கள்.

இங்கே அடிக்கடி காணப்படும் ஒரு தவறான கருத்தைத் திருத்திவிட வேண்டும். நியாயக் கோட்பாடு நீக்கப்பட்டதால்தான் வலதுசாரிச் சாய்வுள்ள செய்தி அலைவரிசையான ஃபாக்ஸ் நியூஸ் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த விதி அலைக்கற்றை வழியாக வரும் நிலையங்களுக்கு மட்டுமே பொருந்தியது. ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்கும் தொலைக்காட்சி நிர்வாகி ராஜர் எய்ல்ஸும் 1996 அக்டோபரில் தொடங்கிய ஃபாக்ஸ் நியூஸ் கேபிள் அலைவரிசை; விதி நீடித்திருந்தாலும் அது அதன் பிடிக்குள் வந்திருக்காது. வானொலியைப் பொறுத்தவரை மட்டும் அந்தக் கூற்றில் நியாயம் உண்டு.

இனி, பிரபலமும் அரசியலும் நேருக்கு நேர் மோதிய நிகழ்வு ஒன்றை அருகிலிருந்து பார்ப்போம். 1992 ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்துத் துவைத்த காவலர்கள் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டதும் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மூன்று வாரங்களுக்குள், மே 19 அன்று, துணை அதிபர் டான் குவேல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். கலவரத்தின் வேர் வறுமையில் மட்டும் இல்லை, குடும்பம் சிதைந்ததிலும் தந்தையர் பொறுப்பைத் தட்டிக்கழித்ததிலும் இருக்கிறது என்பது உரையின் சாரம். அதன் பிற்பகுதியில், ஒரே ஒரு வாக்கியத்தில், 'மர்ஃபி பிரவுன்' என்ற சிபிஎஸ் நகைச்சுவைத் தொடரைக் குறிப்பிட்டார். அறிவும் கைநிறையச் சம்பளமும் உள்ள இக்காலப் பெண்ணின் அடையாளமாகக் காட்டப்படும் ஒரு பாத்திரம், தனியாகக் குழந்தை பெற்றுக்கொண்டு, அதையும் ஒரு வாழ்க்கைத் தெரிவு என்று சொல்லித் தந்தையரின் முக்கியத்துவத்தையே கேலிக்குள்ளாக்குகிறது என்றார் அவர். அந்தப் பாத்திரத்துக்குக் குழந்தை பிறக்கும் பகுதி முந்தைய நாள் இரவுதான் ஒளிபரப்பாகியிருந்தது.

உரையின் மற்ற பக்கங்கள் அனைத்தும் காணாமல் போய், அந்த ஒரு வாக்கியம் மட்டும் நாடெங்கும் பேசப்பட்டது. இல்லாத ஒரு பெண்ணோடு துணை அதிபர் சண்டையிடுகிறார் என்று நகைச்சுவை நிகழ்ச்சிகள் எள்ளி நகையாடின. செப்டம்பரில் தொடரே பதில் சொன்னது: தொலைக்காட்சிச் செய்தியாளரான மர்ஃபி பிரவுன் தன் நிகழ்ச்சியில் தோன்றி, குடும்பங்கள் பலவகைப்படும் என்று கூறி, அப்படிப்பட்ட உண்மையான குடும்பங்களைப் பார்வையாளர்களுக்கு அறிமுகப்படுத்தினாள். நவம்பரில் குவேலும் அதிபர் புஷ்ஷும் தோற்றார்கள்.

ஆனால் விவாதம் அத்தோடு முடியவில்லை. 1993 ஏப்ரலில் 'தி அட்லாண்டிக்' இதழ், டான் குவேல் சொன்னது சரியே என்ற தலைப்பில் முகப்புக் கட்டுரை வெளியிட்டது. மர்ஃபி பிரவுனாக நடித்த கேண்டிஸ் பெர்கன், தந்தையர் தேவையற்றவர்கள் அல்ல என்ற கருத்தில் தனக்கும் உடன்பாடே என்று பின்னாளில் சொன்னார். 2008 தந்தையர் தினத்தன்று சிகாகோ தேவாலயம் ஒன்றில் பேசிய பராக் ஒபாமா, மிகப் பல வீடுகளில் தந்தையர் இல்லை என்று வருந்தினார். அதே கவலையை ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. குவேலின் கவலை கேட்கத்தக்கது என்றே நான் கருதுகிறேன். ஆனால் வேலையின்மையும் காவல்துறையின் அத்துமீறலும் கனன்றுகொண்டிருந்த நகரத்தைப் பற்றிப் பேசும்போது, சிபிஎஸ் தொடரில் வரும் வசதியான வெள்ளைக்காரப் பாத்திரத்தைச் சான்றாகக் காட்டியது வாதத்தைப் பலவீனப்படுத்தியது. ஒரு பிரபலப் பெயர் கேட்பவர்களின் கவனத்தை ஒரு நொடியில் இழுக்கிறது. இழுத்த கவனத்தைச் சொல்லவந்த பொருளுக்குத் திரும்பக் கொடுப்பதில்லை. இந்த வகை விமர்சனத்தின் ஆற்றலும் குறையும் இந்த ஒரு நிகழ்வில் சேர்ந்தே இருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹூஸ்டனில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், நாட்டின் ஆன்மாவுக்காக ஒரு பண்பாட்டுப் போர் நடக்கிறது என்று வலதுசாரி விமர்சகர் பாட் புகேனன் முழங்கினார். அன்றிலிருந்து 'பண்பாட்டுப் போர்' என்ற சொல் அரசியல் அகராதியில் நிலைத்துவிட்டது.

அதன்பின் வந்தவை பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவை. 2003இல் ஈராக் போருக்குச் சற்று முன், டிக்ஸி சிக்ஸ் இசைக்குழுவின் பாடகி லண்டன் மேடையில் அன்றைய அதிபரை, அதாவது 1992இல் தோற்ற புஷ்ஷின் மகன் புஷ்ஷைக் குறைகூறியதும், நாட்டுப்புற இசை நிலையங்கள் பல அவர்களின் பாடல்களை நிறுத்தின. 2018இல், டிரம்பை விமர்சித்த கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸை, வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டும்படி ஃபாக்ஸ் நியூஸில் லாரா இங்கிராம் சொன்னார். 2023 ஏப்ரலில் திருநங்கை ஒருவர் இன்ஸ்டாகிராமில் பட் லைட் பீருக்கு விளம்பரம் செய்ததை எதிர்த்து எழுந்த புறக்கணிப்பு, நீண்ட காலமாக விற்பனையில் முதலிடத்தில் இருந்த அந்தப் பீரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸுக்கு 2024 செப்டம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆதரவு தெரிவித்தபோது, குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் 2021இல் குழந்தையில்லாத பெண்களைக் குத்திப் பேசியதைத் திருப்பிப் போட்டு, தன்னைக் குழந்தையில்லாத பூனைக்காரி என்று குறிப்பிட்டுக் கையெழுத்திட்டார். சில நாட்களில் டிரம்ப், தான் டெய்லர் ஸ்விஃப்டை வெறுப்பதாகச் சமூக ஊடகத்தில் பெரிய எழுத்துகளில் எழுதினார்.

கலைஞர்கள் கலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் கொள்கையென்றால், அதை இந்த விமர்சகர்களே கடைப்பிடிக்கவில்லை. ரொனால்ட் ரீகன் நடிகர் சங்கத் தலைவராக இருந்த ஹாலிவுட் நடிகர். 1964இல் கோல்டுவாட்டரை ஆதரித்து ஆற்றிய தொலைக்காட்சி உரைதான் அவரை அரசியல்வாதியாக்கியது. டிரம்பை வீடுதோறும் கொண்டுசேர்த்தது 2004இல் என்பிசி தொடங்கிய போட்டி நிகழ்ச்சி. 2024 குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் சட்டையைக் கிழித்துக்கொண்டு முழங்கினார். இதற்கு வலதுசாரிகள் தரும் விளக்கம், ஹாலிவுட்டின் பெரும்பான்மைக் கருத்துக்கு எதிராகப் பேசுபவர் வாய்ப்புகளை இழக்கும் துணிச்சலோடு பேசுகிறார், அதனால் அவருக்குச் செவிசாய்க்கிறோம் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் பிரபலத்தின் பேச்சுரிமைக்கு அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அளவுகோலாகும்போது, கொள்கை வெறும் கட்சி விசுவாசமாகச் சுருங்கிவிடுகிறது.

புதிதாகக் கேட்பவர் மனத்தில் கொள்ள வேண்டிய இன்னொன்று, செய்திக்கும் கருத்துக்கும் இடையே உள்ள கோடு. ஃபாக்ஸ் நியூஸில் பகல் நேரச் செய்தியறிக்கை ஒரு வகை. இரவில் ஒரு நபரின் பெயரைத் தாங்கி வரும் நிகழ்ச்சி இன்னொரு வகை. திரையில் இரண்டும் ஒரே சின்னத்தோடு வருவதால் வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. 2020 தேர்தலில் தங்கள் வாக்கு எந்திரங்கள் மோசடி செய்ததாக ஃபாக்ஸ் ஒளிபரப்பியதை எதிர்த்து டொமினியன் நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. அந்த நிறுவனத்தைப் பற்றிச் சொல்லப்பட்டவை எதுவும் உண்மையில்லை என்று நீதிபதி விசாரணைக்கு முன்பே தெளிவாக எழுதினார். நிகழ்ச்சியாளர்களே அந்தக் குற்றச்சாட்டுகளைத் தனிப்பட்ட முறையில் நம்பவில்லை என்பதும், நேயர்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்களோ என்று அஞ்சியதும், வெளிவந்த குறுஞ்செய்திகளிலிருந்து தெரிந்தது. 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. மேல்தட்டினர் நம்மை மதிப்பதில்லை என்று நேயரிடம் நாளெல்லாம் சொல்லிவிட்டு, அதே நேயரிடம் தாம் நம்பாத ஒன்றை விற்பது, அந்த நேயருக்குச் செய்யப்பட்ட பெரிய அவமதிப்பு.

இப்போது நிலைமை தலைகீழாகியிருக்கிறது. அரசாங்கம் வலதுசாரிகளின் கையில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா மாநிலத்தின் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் இளம் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையைப் பற்றி ஏபிசியின் நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல் பேசியது சர்ச்சையானபோது, எஃப்.சி.சி. தலைவர் பிரெண்டன் கார், நிலையங்களின் உரிமம் குறித்து எச்சரிக்கும் தொனியில் பேசினார். செப்டம்பர் 17 அன்று நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தது. கிம்மலின் பேச்சை வெறுத்த குடியரசுக் கட்சியின் டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ், அரசாங்கம் இப்படி மிரட்டத் தொடங்கினால் ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வரும்போது இதே ஆயுதம் நம் பக்கம் திரும்பும் என்று வெளிப்படையாக எதிர்த்தார். வேறு சில விமர்சகர்கள், இத்தனை ஆண்டுகள் நாம் பட்டதை அவர்களும் படட்டும் என்று வரவேற்றார்கள். 1987இல் எஃப்.சி.சி.யின் தலையீடு ஒழிந்ததைக் கொண்டாடிய ஒரு மரபு, அதே எஃப்.சி.சி.யின் அதிகாரத்தை என்ன செய்வது என்று தனக்குள் வாதிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வாதத்தில் குரூஸ் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.